எட்டு வீட்டு வரிசையில் நான்காவது வீடு

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பத்திரண்டு நிமிடத்திற்கு, சிரம்பான் ரஹாங்கில் உள்ள ஒரு வரிசை வீட்டின் சமையலறையில் நான் பால் காய்ச்சத் தொடங்கினேன். நிமிடம் வரை துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அதைக் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறேன். நல்ல நேரம், அடுப்பு வைக்க வேண்டிய திசை, பாத்திரத்தின் கொள்ளளவு, பாலின் காலாவதித் தேதி ஆகிய நான்கையும் முன்கூட்டியே சரிபார்த்திருந்தேன். சரிபார்க்காமல் விட்டது ஒன்றுதான். அது வேறொருவருடைய வீடு.

இந்த நிலைக்கு நான் வந்து சேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கோலா சாவாவில் நாங்கள் குடியிருந்த தோட்ட வீடுகளை இடிக்கப்போவதாக நிர்வாகம் கடிதம் அனுப்பியிருந்தது. ஜூலை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். அப்பா தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர். ஓட்டும் பாதைகளிலெல்லாம் விசாரித்து, கடைசியில் ரஹாங்கில் அமைதியான ஒரு தெருவில் வாடகைக்கு வீடு பிடித்தார். உரிமையாளர் மந்தினில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர். இருவரும் கைகுலுக்கிப் பேசி முடித்தாயிற்று. எல்லாம் நல்லபடியாக இருக்கும்போதுதான் அம்மா நாட்காட்டியைத் திருப்பினார். அடுத்த புதன்கிழமை ஆடி பிறக்கிறது.

ஆடியில் அம்மா புது வீட்டில் காலெடுத்து வைக்க மாட்டார். இதில் விவாதத்திற்கு இடமில்லை. ஆனால் ஆடி பிறப்பதற்கு முன்பே நல்ல நேரத்தில் பால் காய்ச்சிவிட்டால் வீட்டுக்குள் புகுந்ததாகவே கணக்கு. சாமான்களைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். இடையில் இருந்த நாட்களை அம்மா ஒவ்வொன்றாக அடித்தார். சனி ஆகாது. ஞாயிறு அஷ்டமி. திங்கள் நவமி. செவ்வாய் செவ்வாய்தான். எஞ்சியது வெள்ளிக்கிழமை, அதிலும் பத்தரை மணிக்கு ராகு காலம் தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். அதைத் தவறவிட்டால் ஆவணி வரை காத்திருக்க வேண்டும். ஆவணியில் எங்கள் தோட்ட வீடு இருந்த இடத்தில் செம்மண் மட்டுமே இருக்கும்.

நான் கோலாலம்பூரில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். விடுதியிலிருந்து அதிகாலை ரயில் பிடித்து சிரம்பான் வந்தேன். பால், பாத்திரம், சாமி படம், உப்பு, மஞ்சள், அரிசி எல்லாவற்றோடும் அறைத்தோழியின் சிறிய கேஸ் அடுப்பும் பையில் இருந்தது. விடுதி விதிகளின்படி அது இருக்கவே கூடாத பொருள். அம்மா, அப்பா, நான் மூவரும் சேர்ந்து காய்ச்சுவதாகத்தான் ஏற்பாடு. ஒன்பது மணிக்கு அம்மா அழைத்தார்.

"பாப்பா, மாத்து டிரைவர் வரல. அப்பா ரெண்டாவது ரவுண்டு போயிட்டாரு. நேரம் போயிரும்போல இருக்கு. நீ போய் காய்ச்சிடு, நாங்க பின்னாடியே வந்துர்றோம்."

"தனியாகவா?"

"பாலு தானா பொங்கிக்கும்மா. நீ பக்கத்துல நின்னா போதும்."

"வீட்டு எண் என்ன?"

"நம்பரு எழுதுன பேப்பரு அப்பா பாக்கெட்டுல இருக்கு. ஓட்டும்போது அவரு போன் எடுக்க மாட்டாருன்னு உனக்குத் தெரியாதா? சிம்பாங்லேருந்து நாலாவது வீடு. வாசல்ல பூச்சட்டி. சாவி அதுக்குக் கீழ. அவ்வளவுதான்லா, இதுக்கு மேல என்ன வேணும்?"

எங்கள் ஊரில் சிம்பாங் என்றால் தெரு பிரியும் முனை. எல்லாத் தெருவுக்கும் இரண்டு முனைகள் உண்டு என்பது அம்மாவுக்குத் தோன்றவில்லை. அப்பா எப்போதும் ரந்தாவ் சாலைப் பக்கத்திலிருந்து வருகிறவர். நான் ஏறிவந்த வாடகைக் கார் ரயில் நிலையப் பக்கத்திலிருந்து வந்தது. காரோட்டி என்னை மறுமுனையில் இறக்கிவிட்டார். நான் கவனமாக எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வாசலில் பூச்சட்டி இருந்தது. சட்டிக்கு அடியில் சாவியும் இருந்தது.

அந்த வரிசையில் எட்டு வீடுகள். ஏழாக இருந்திருந்தால் எந்த முனையிலிருந்து எண்ணினாலும் நான்காவது வீடு ஒன்றேதான். நான் இதை எழுதவும் நேர்ந்திருக்காது.

கேட்டிருக்கலாம். முதல் வீட்டு வாசலில் ஒருவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைக்கவும் செய்தார். ஆனால் அறிமுகமற்ற ஒருவரிடம் பேசுவதற்கு எனக்கு முன்தயாரிப்பு வேண்டும். வணக்கம் சொல்வதா, மலாயில் தொடங்குவதா, 'அண்ணே' என்பதா, 'ஐயா' என்பதா என்று யோசித்து முடிப்பதற்குள் அவரைக் கடந்துவிட்டேன். திரும்பிப் போய்க் கேட்பது இன்னும் சங்கடமாகத் தோன்றியது. ஒரு கேள்வியைத் தவிர்ப்பதற்காக நான் ஒரு வீட்டின் பூட்டைத் திறந்தேன்.

உள்ளே புதிதாகப் பெயிண்டு அடித்த வாடை. மூலையில் ஏணியும் பெயிண்டு வாளிகளும் இருந்தன. எங்களுக்காக உரிமையாளர் இவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்கிறாரே என்று நெகிழ்ந்தேன். சாமி படத்தை வைத்தேன். உப்பு, மஞ்சள், அரிசி ஆகியவற்றை அம்மா சொன்ன வரிசைப்படி வீட்டுக்குள் கொண்டுவந்தேன். கைப்பேசியின் திசைகாட்டியை வைத்துக் கிழக்கைக் கண்டுபிடித்து அடுப்பை அதற்கேற்பத் திருப்பினேன். பதின்மூன்று நிமிடங்களில் பால் பொங்கியது. அந்தக் கணத்தில் எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. குடும்பத்துக்காக நான் தனியாக நின்று செய்து முடித்த முதல் காரியம் இது என்று நினைத்துக்கொண்டேன்.

"யாரும்மா நீ?"

பின்னால் கதவருகில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். அறுபதை நெருங்கும் வயது, கையில் காய்கறிப் பை, தோளில் துண்டு. நான் கைகூப்பினேன்.

"வணக்கம். பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன்."

"அது தெரியுதும்மா, கண்ணு இருக்கு எனக்கு. என் வீட்டுல ஏன் காய்ச்சறன்னுதான் கேக்கறேன்."

"தாங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். இது எங்கள் வீடு. அதாவது, வாடகைக்கு எடுத்திருக்கிறோம்."

"யாருகிட்ட எடுத்தீங்க?"

"வீட்டின் உரிமையாளரிடம்."

"உரிமையாளரே நான்தான்லா!" அவர் காய்கறிப் பையைத் தரையில் வைத்தார். "இந்த வீட்ட நான் யாருக்கும் வாடகைக்கு விடறதில்ல. கடைசியா இருந்தவனுங்க பைப்ப உடைச்சு, கதவ உடைச்சு, சொல்லிக்காம ஓடிட்டானுங்க. எம்மவன் தீபாவளிக்கு வந்தா தங்கறதுக்குன்னு பெயிண்டு அடிச்சிக்கிட்டு இருக்கேன். நீ யாரு, ரேடியோவுலேருந்து வர்றியா? ஏன் செய்தி வாசிக்கற மாதிரியே பேசற?"

பதற்றம் கூடக்கூட என் தமிழ் திருத்தமாகிக்கொண்டே போகும். இது ஒரு நோய். மற்றவர்களுக்கு நாக்குக் குழறும். எனக்கு வாக்கியம் முழுமை பெறும். நான் அவரிடம், என் தாயார் தொலைபேசிவழி அளித்த விவரங்களின் அடிப்படையில் தெருமுனையிலிருந்து நான்காவது வீட்டை அடையாளம் கண்டதாக விளக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த சிம்பாங்?"

நான் கையால் காட்டினேன். அவர் எதிர்ப்பக்கம் காட்டினார். பிறகு பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் அப்பாவின் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. எங்கள் வாசலில் அல்ல, பக்கத்து வாசலில். கைப்பேசி அடித்தது.

"பாப்பா, நாங்க வந்துட்டோம். எங்க இருக்க?"

"வீட்டில்."

"எந்த வீட்டுல? கதவு பூட்டியிருக்கே!"

அம்மாவின் குரல் கைப்பேசியிலும் சுவருக்கு அப்பாலும் ஒரே சமயத்தில் கேட்டது. அந்த அம்மாள் சன்னலைத் திறக்கப் பார்த்தார். புதுப் பெயிண்டில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. கதவருகே போய்க் கூப்பிட்டார். "இங்க வாங்கம்மா! உங்க பொண்ணு இங்க என் வீட்டுல குடித்தனம் நடத்திக்கிட்டு இருக்கா!"

அம்மா வந்து பார்த்தார். பொங்கி வழிந்த பாலைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்பா பாக்கெட்டிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வாசலில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒப்பிட வேண்டிய தேவை இல்லாதபோதும் நெடுநேரம் ஒப்பிட்டார். நான் அவர் மகள் என்பது அதிலேயே தெரியும்.

மணி பத்து பதினாறு. இன்னும் பதினான்கு நிமிடங்கள் இருக்கின்றன என்று அப்பாதான் முதலில் சொன்னார். பால் பெட்டியில் பாதி மிச்சமிருந்தது. அடுப்பைத் தூக்கிக்கொண்டு மூவரும் பக்கத்து வீட்டுக்கு ஓடினோம். அம்மாள், "பாத்து, பாத்து, சாரி தடுக்கும்!" என்று கத்தினார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தடுக்கியது. சாவி அங்கேயும் பூச்சட்டிக்குக் கீழேதான் இருந்தது. அடுப்பு பற்றியது. பாலின் ஓரத்தில் சிறு சிறு குமிழிகள் வரத் தொடங்கின. பத்து இருபத்து நான்குக்கு நெருப்பு நீல நிறத்திலிருந்து மஞ்சளாகி, ஒரு முறை சீறி, அணைந்தது.

அறைத்தோழி ஒரு தவணை முழுக்க அந்த அடுப்பில்தான் மீ நூடுல்ஸ் சமைத்துச் சாப்பிட்டாள். கேஸ் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை நான் சரிபார்க்கவில்லை. என் பட்டியலில் அது ஐந்தாவதாக இருந்திருக்க வேண்டும்.

"எதிர் வீடுதான் நான் இருக்கறது, அங்க கேஸ் இருக்கு," என்றார் அம்மாள். அப்பா உடனே தெருவைத் தாண்டி எதிர் வீட்டுக்கு ஓடினார். அம்மாளும் பின்னால் ஓடினார். "பின்பக்கம்! கேஸ் தோங் பின்பக்கம் இருக்கு!" அவர்கள் அங்கே குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அம்மாவும் நானும் அசையாத பாலைப் பார்த்தபடி நின்றோம். அப்பா தோளில் கேஸ் சிலிண்டரோடு வாசலை அடைந்தபோது மணி பத்து முப்பத்து மூன்று.

"வச்சிருங்க," என்றார் அம்மா. "ராகு காலம் வந்துருச்சு."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்காக நான் தயாரித்து வைத்திருந்த பதில்கள்கூட இருந்தன. அம்மா திட்டவில்லை. வாசலுக்குப் போய், யாரோ கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார். முறைப்படி புகாத வீட்டுக்குள் நிற்கக் கூடாது என்பதற்காக வெளியே போனாரோ, கால் ஓய்ந்து போனாரோ, தெரியவில்லை.

"ஆவணி வரைக்கும் எங்க போறதுங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். கேள்வி போலவே இல்லை. "முப்பத்தோராம் தேதி கரண்டு கட் பண்ணிருவாங்க."

அப்பா சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். இதுவரை இதை வேடிக்கையாக எழுதிவந்தேன். அந்த ஒரு நிமிடத்தில் வேடிக்கை எதுவும் இல்லை. கார் கழுவிக்கொண்டிருந்தவரிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அம்மா இப்போது உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருப்பார்.

எதிர் வீட்டு அம்மாள்தான் முதலில் பேசினார். "எந்த எஸ்டேட்டும்மா?"

அம்மா சொன்னார். கடிதத்தைப் பற்றியும் சொன்னார்.

"ஓ, அதுவா. எங்க சின்னம்மா வீட்டையும் அப்படித்தான் தள்ளுனாங்க." அவர் சற்று யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏய் பொண்ணு, பாலு எந்தப் பக்கம் பொங்குச்சு?"

"வடகிழக்கு," என்றேன். உண்மைக்கு மாறாகச் சொல்லிவிடக் கூடாது என்பதால், "ஏறக்குறைய வடகிழக்கு. சற்றே கிழக்கு நோக்கி," என்று திருத்தினேன்.

"பாத்தியா? நான் இந்த வீட்டுல ரெண்டு தடவ காய்ச்சுனேன். ரெண்டு தடவையும் தெக்கால ஊத்திக்கிச்சு. அதான் ஒருத்தனும் ஒழுங்கா தங்கல." அவர் அம்மாவின் எதிரில் இடுப்பில் கைவைத்து நின்றார். "தங்கச்சி, இங்க பாரு. உம்மவ காய்ச்சுனது காய்ச்சுனதுதான். எங்க காய்ச்சுனாளோ அங்க நீங்க பூந்தாச்சு. ஆடி முழுக்க என் வீட்டுல இருங்க. ஆவணி பொறந்ததும் நல்ல நாள் பாத்து இங்க மாறிக்கங்க. சுவரு ஒன்னுதான், லாரிகூட வேணாம். எம்மவன் தீபாவளிக்குத்தான் வருவான்."

"அக்கா, நீங்க வாடகைக்கே விடறதில்லன்னு..."

"வாடகைக்கு விடறேன்னு யாரு சொன்னா? பால் பொங்குன வீட்ட பூட்டிப் போட்டா எனக்குத்தான்லா ஆகாது. எனக்காகத்தான் சொல்றேன்."

அவர் குரலில் கோபம் மாதிரி ஏதோ இருந்தது. அது கோபமில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

மிச்சமிருந்தது மந்தின்காரரிடம் சொல்வது. அப்பா எண்ணை அழுத்திக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "நீதானே காய்ச்சுன. நீயே சொல்லு."

அவர் எடுத்தார். பின்னணியில் தட்டுகளின் சத்தமும் யாரோ ரொட்டிக்குக் குரல் கொடுப்பதும் கேட்டது. எதிர்பாராத சூழ்நிலை காரணமாக ஒரு பிழை நேர்ந்துவிட்டது என்று தொடங்கினேன். அதற்காக எங்கள் குடும்பத்தின் சார்பில் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தேன்.

"அல்லாவே! வீட்டுக்கு என்னம்மா ஆச்சு? எரிஞ்சிருச்சா?"

"இல்லை. பால்."

"பாலா?"

முழுவதையும் சொன்னேன். அவர் நடுவில் குறுக்கிடவில்லை. சொல்லி முடித்ததும் அவர் சிரித்த சிரிப்பைத் தள்ளி நின்ற அப்பாவும் கேட்டார்.

"நல்லதாப் போச்சு போ. குளியலறை கூரை ஒழுகுது, உங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். ஆளு விட்டு மாத்தறேன். ஆவணின்னா எப்பம்மா?"

"ஆகஸ்ட் நடுவில்."

"வீடு உங்களுக்குத்தான். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிரு. ஒன்னு மட்டும். அடுத்த தடவ உங்கம்மா காய்ச்சட்டும். நீ படிக்கற புள்ள, நீ படி."

எல்லோரும் அந்தத் தவறான வீட்டுக்குத் திரும்பினோம். அம்மா பாலில் சீனி போட்டு எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். எதிர் வீட்டு அம்மாள் தன் பங்கை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நிபந்தனை ஒன்றை மட்டும் சொன்னார். சாமான் வந்து சேரும் வரைக்கும் நாள் தவறாமல் காலையில் யாராவது வந்து கதவையும் சன்னலையும் திறந்து வைக்க வேண்டும். வீடு புழங்க வேண்டும். சாவி இனிமேல் பூச்சட்டிக்குக் கீழே இருக்காது, தன்னிடம்தான் இருக்கும், வந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

"யாரு வருவா?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு வேலை. அம்மாவுக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல். இருவரும் என்னைப் பார்த்தார்கள். பருவ விடுமுறை தொடங்கியிருந்தது. மறுப்பதற்கு எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா வேலைக்குப் போகும் வழியில் என்னை அந்தத் தெருவில் இறக்கிவிட்டார். மணி ஏழே கால். எதிர் வீட்டு அம்மாளின் கேட்டுக்கு முன்னால் நின்று, காரில் வரும்போது மூன்று முறை ஒத்திகை பார்த்த வாக்கியத்தை நினைவுபடுத்திக்கொண்டேன். மணியை அழுத்தினேன். அவர் ஈரத் தலையோடு கதவைத் திறந்தார்.

"ஆன்ட்டி, சாவி," என்றேன். மீதி வாக்கியம் வரவில்லை.

"பேசத் தெரியுதே," என்று சொல்லிச் சாவியைக் கையில் வைத்தார். சாவியோடு ஒரு திருப்புளியும் கொடுத்தார். நான் தெருவைத் தாண்டி வீட்டைத் திறந்து, சன்னல் விளிம்புகளில் காய்ந்திருந்த பெயிண்டைத் திருப்புளி முனையால் நெம்பி ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஆறில் ஐந்து திறந்தன. ஆறாவதைப் பெயிண்டருக்கு விட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்துக் கூடத்தைப் பெருக்கத் தொடங்கினேன்.